கம்பியில்லாத் தொடர்பில் மீளமைக்கத்தக்க நுண்ணறிவு மேற்பரப்புகள்: சக்தி வினைத்திறன் பற்றிய ஒரு நோக்கு

கம்பியில்லாத் தொடர்பியல் பற்றிய ஆய்வேடுகளில் 2019ஆம் ஆண்டளவிலிருந்து ஒரு தொடர் இடையறாது இடம்பெற்று வருகின்றது. 'மீளமைக்கத்தக்க நுண்ணறிவு மேற்பரப்பு' என்பதே அத்தொடர். கட்டடச் சுவரிலோ கூரையின் உட்புறத்திலோ பொருத்தப்படும் மெல்லிய பலகையொன்று, தன்மீது வந்து விழும் வானொலி அலைகளை வேண்டிய திசைக்குத் திருப்பிவிடும் என்பதும், அதற்கு அது மிகச் சிறிதளவு மின்வலுவையே வேண்டி நிற்கும் என்பதும் இவ்வாய்வுகளின் சாரமாகும். ஆறாந் தலைமுறைத் தொலைத்தொடர்பு பற்றிப் பேசுவோர் இதனை அதன் முக்கிய கூறுகளுள் ஒன்றாகக் கொள்கின்றனர். சக்திச் சிக்கனமே இதன் தலையாய சிறப்பாக எடுத்துரைக்கப்படுகின்றது.

இலக்கியத்தையும் சமூகத்தையும் ஆராய்ந்துவரும் நாம் இப்பொருளை எடுத்துக்கொள்வது ஏன் என்ற வினா எழலாம். இதற்கு இரு காரணங்கள் உள. முதலாவது, மனிதனுக்கும் அவனைச் சூழ்ந்த புறவுலகுக்குமிடையிலான உறவு இத்தொழில்நுட்பத்திலே குறிப்பிடத்தக்க ஒரு மாற்றத்தை அடைகின்றது. இரண்டாவது, இத்தொழில்நுட்பத்தின் பெயரிலே அமைந்துள்ள சொற்கள் விமரிசனத்தை வேண்டி நிற்கின்றன. 'நுண்ணறிவு', 'வினைத்திறன்' என்பன வெறுங் கலைச்சொற்கள் அல்ல. அவை உண்மையைப் புலப்படுத்துவதோடு ஒரு பகுதியை மறைக்கவுஞ் செய்கின்றன. எனவே, இம்மேற்பரப்பு யாது, அது எவ்வாறு தொழிற்படுகின்றது, அதன் சக்திச் சிக்கனம் எத்தகையது என்பவற்றை முதலில் விளக்கி, பின்னர் அச்சிக்கனத்தின் சமூகப் பொருளை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சுவர்: தடையும் துணையும்

வானொலி அலையின் வரலாறு தொடக்கத்திலிருந்தே சுவரோடு பிணைந்துள்ளது. 1888ஆம் ஆண்டு ஜேர்மனியின் கால்ஸ்ரூவ நகரில் ஹைன்றிக் ஹேர்ட்ஸ், தமது விரிவுரை மண்டபச் சுவரிலே 4 மீற்றர் உயரமும் 2 மீற்றர் அகலமுங் கொண்ட நாகத் தகடொன்றைப் பொருத்தினார். மின்பொறியிலிருந்து எழுந்த அலை அத்தகட்டில் மோதித் தெறித்து, எதிர்வரும் அலையுடன் கலந்து, இடத்துக்கிடம் வலுத்தும் மெலிந்தும் நிற்பதை அவர் கண்டறிந்தார். மின்காந்த அலை உண்டென்பதற்கான சான்றுகளுள் ஒன்று இவ்வாறு தெறிப்பினூடாகவே கிடைத்தது. 1890களின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் ஜகதீஸ் சந்திர போஸ் மில்லிமீற்றர் அளவிலான அலைகளை உண்டாக்கி அவற்றின் தெறிப்பு, முறிவு, முனைவாக்கம் ஆகிய இயல்புகளை ஆராய்ந்தார். 5ஜி வலையமைப்பின் உயர் மீடிறன் பட்டைகள் அவ்வலை எல்லையை அண்டியே அமைந்துள்ளன என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயினும், பின்வந்த பல தசாப்தங்களாகத் தொடர்பியலாளர் சுவரையும் மலையையும் இடையூறாகவே கருதினர். நேர்வழியாக வரும் அலையும், சுவர்களிற் பட்டுத் தெறித்துச் சற்றுத் தாமதித்து வரும் அலைகளும் வாங்கியிலே ஒன்றுகூடுங்கால், சில வேளை ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. சில வேளை ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பேசிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசியின் சைகை மங்கிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். 1948இல் குளோட் ஷனன் வகுத்த தொடர்பாடற் கோட்பாட்டிலே செலுத்தி, செல்வழி, இரைச்சல், வாங்கி என்ற கூறுகள் வேறுபடுத்தப்பட்டன. செலுத்தியையும் வாங்கியையும் மனிதன் அமைக்கலாம். இடையிலுள்ள செல்வழியோ தரப்பட்டது. அதன் இயல்பை அறிந்து அதற்கேற்பத் தன்னைச் சரிப்படுத்திக் கொள்வதே பொறியியலாளரின் பணியாக இருந்தது.

1990களில் இந்நிலை ஓரளவு மாறிற்று. செலுத்தியிலும் வாங்கியிலும் பல அன்ரெனாக்களைப் பயன்படுத்தினால், வெவ்வேறு வழிகளால் வரும் அலைகளைப் பிரித்தறிந்து, அவற்றைத் தனித்தனிச் செய்திப் பாதைகளாக ஆக்கிக்கொள்ளலாம் என்பது காட்டப்பட்டது. இடையூறாயிருந்த தெறிப்பு வளமாயிற்று. எனினும் சுவர் சுவராகவே இருந்தது. அது எங்கே, எவ்வாறு தெறிக்கச் செய்யும் என்பது மனிதனின் கட்டுப்பாட்டில் இருக்கவில்லை.

மூன்றாவது கட்டமே இப்போது முன்வைக்கப்படுவதாகும். சுவரே கட்டுப்பாட்டுக்குட்படுகின்றது. கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட 'மூலதனம்' முதலாந் தொகுதியில் உழைப்பின் பொருளுக்கும் உழைப்பின் கருவிக்குமிடையே வேறுபாடு காண்கிறார். அவ்வேறுபாட்டின் வழிநின்று நோக்கினால், இதுகாறும் சூழலாக மட்டும் இருந்த ஒன்று கருவியாக மாறுகின்ற கட்டம் இது எனலாம். தரப்பட்டதென எண்ணப்பட்ட செல்வழி, ஆக்கப்படத்தக்கதாகின்றது.

இக்கருத்து திடீரென முளைத்ததன்று. 1950களிலிருந்தே ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப்புற மலைகளில், மின்சாரமில்லாத உச்சிகளில், பெரிய தட்டையான உலோகப் பலகைகள் நிறுத்தப்பட்டு, அவற்றினூடாக நுண்ணலைத் தொலைபேசித் தொடர்புகள் பள்ளத்தாக்குகளுக்குத் திருப்பிவிடப்பட்டன. அவை நிலையான கண்ணாடிகள். ஒருமுறை நிறுத்தினால் ஒரே திசைக்குத்தான். 1963இல் பெரியும் அவரது சகாக்களும் சிறு சிறு அலகுகளாலான தெறிப்பு அன்ரெனா ஒன்றை விவரித்தனர். 1967இல் சோவியத்து பௌதிகவியலாளர் விக்ரர் வெசெலாகோ, இயற்கைப் பொருள்களிற் காணப்படாத மின்காந்த இயல்புகளையுடைய பொருளொன்று எவ்வாறு தொழிற்படும் என்பதைக் கோட்பாட்டளவில் ஆராய்ந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்னர், 2000ஆம் ஆண்டையொட்டி, அத்தகைய 'மீப்பொருள்கள்' ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்டன. 2011இல் கப்பாசோ குழுவினர், மெல்லிய பரப்பொன்றிலே அலகுகளை ஒழுங்குபடுத்துவதன் மூலம் தெறிப்பு விதியையும் முறிவு விதியையும் பொதுமைப்படுத்தலாம் எனக் காட்டினர். 2014இல் சீனாவின் நான்ஜிங் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுய் ரியே ஜுன் குழுவினர் அத்தகைய அலகுகளை 0, 1 என்ற இலக்கங்களால் ஆளத்தக்க 'நிரற்படுத்தத்தக்க' பொருளாக ஆக்கினர். தொடர்பியலாளர் இவ்விழைகளை ஒன்றிணைத்தமையின் பேறே இன்றைய மேற்பரப்பு. இவ்வரலாற்றில் இராணுவத் தேவைகளுக்கும் பங்குண்டு. மீப்பொருள் ஆய்வுக்கு ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் உயராய்வு முகவரகம் நிதி வழங்கியமை இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும்.

2. மேற்பரப்பு தொழிற்படும் முறை

சாதாரண கண்ணாடியில் படுகோணமும் தெறிகோணமும் சமனானவை. ஒளி எத்திசையில் வந்ததோ அதனைப் பொறுத்தே அது செல்லுந் திசையும் அமையும். நாம் எடுத்துக்கொண்ட மேற்பரப்பு இவ்விதியிலிருந்து விலகுவது எவ்வாறு?

பலகையின் மீது சதுர வடிவான சிறு உலோகத் துண்டுகள் வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டும் ஓர் அலகு. பொதுவாக அலைநீளத்தின் அரைப்பங்கு, அல்லது அதனிலுங் குறைந்த இடைவெளியில் இவை அமையும். ஒவ்வோர் அலகுடனும் இருவாயியொன்றோ, கொள்ளளவை மாற்றத்தக்க வேறொரு கூறோ இணைக்கப்பட்டிருக்கும். அதற்குக் கொடுக்கப்படும் மின்னழுத்தத்தை மாற்றினால், அவ்வலகிலிருந்து தெறிக்கும் அலையின் அவத்தை மாறுகின்றது. அதாவது, அலையின் முடியும் அடியும் சற்று முந்தியோ பிந்தியோ புறப்படுகின்றன.

தேர்வடம் இழுப்போரை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். நூறு பேர் வடத்தைப் பற்றி நின்றாலும், ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றிய கணத்தில் இழுத்தால் தேர் அசையாது. குரல் கொடுத்து எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்கும்போதே அது நகர்கின்றது. அவ்வாறே, பலகையின் அலகுகள் யாவற்றிலுமிருந்து வரும் சிற்றலைகள் குறித்த ஓரிடத்தில் ஒரே அவத்தையிற் சென்று சேருமாறு அவை ஒவ்வொன்றும் சரிசெய்யப்பட்டால், அவ்விடத்தில் சைகை வலுப்பெறும். வாங்குபவர் இடம் மாறினால் அலகுகளின் நிலைகளும் மாற்றியமைக்கப்படும். பலகை அசைவதில்லை, அதன் மின்னிலையே மாறுகின்றது. 'மீளமைக்கத்தக்க' என்ற அடை குறிப்பது இதனையே.

இதன் பயன் எண்ணிக்கையோடு எவ்வாறு பெருகுகின்றது என்பது கவனத்துக்குரியது. ஒழுங்கின்றி வந்து சேரும் 100 சிற்றலைகளின் மொத்த வலு, சராசரியாகத் தனியோர் அலையின் வலுவைப் போல் 100 மடங்காகும். அவை ஒரே அவத்தையில் வந்து சேர்ந்தாலோ வீச்சம் 100 மடங்காகின்றது; வலு வீச்சத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாதலால் அது 10,000 மடங்காகின்றது. அலகுகளின் எண்ணிக்கையை இரட்டித்தால் வாங்கப்படும் வலு நான்கு மடங்காகும் என்ற இவ்வர்க்க விதியை, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிங்சிங் வூ, றூய் ஷாங் ஆகியோர் 2019இல் வெளியான ஆய்வில் விரிவாக எடுத்துக்காட்டினர். இதில் சக்திக் காப்பு விதிக்கு முரணான எதுவும் இல்லை. பெரிய பலகை கூடுதலான அலையைப் பிடிக்கின்றது. பிடித்ததை ஒடுங்கிய கற்றையாகச் செலுத்துகின்றது. இவ்விரண்டுஞ் சேர்ந்தே வர்க்கம் தோன்றுகின்றது. வேறிடங்களுக்குச் சிதறிப் போயிருக்கக் கூடிய சக்தி ஓரிடத்துக்குத் திருப்பப்படுகின்றது, அவ்வளவே.

அவத்தையை எத்துணை நுட்பமாக மாற்றவேண்டும் என்பதும் ஒரு வினா. ஒவ்வோர் அலகுக்கும் இரண்டு நிலைகள் மட்டுமே உள்ள மலிவான அமைப்பிலும், பெறத்தக்க உச்ச வலுவில் ஏறத்தாழ 40 சதவீதம் கிடைக்கின்றது. நான்கு நிலைகளாயின் 81 சதவீதமும், எட்டு நிலைகளாயின் 95 சதவீதமும் கிடைக்கும். ஆகவே எளிய, மலிவான உறுப்புகளே பெரும்பாலும் போதுமானவை. நுட்பத்தைக் காட்டிலும் எண்ணிக்கை இங்கு முக்கியம் பெறுகின்றது.

பரிசோதனைகளும் நடைபெற்றுள்ளன. 2020இல் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த வெங்கட் அருணும் ஹரி பாலகிருஷ்ணனும், 3,000க்கு மேற்பட்ட மலிவான சிறு அன்ரெனாக்களைச் சுவர்ப் பரப்பிற் பதித்து, கட்டடத்தினுள்ளே சைகையின் வலு இடைய அளவில் 9.5 மடங்கு கூடியதை அறிவித்தனர். அதே ஆண்டு சனவரியில் யப்பானின் என்.ரி.ரி. டொக்கோமோ நிறுவனம், ஏ.ஜி.சி. என்னுங் கண்ணாடி உற்பத்தி நிறுவனத்துடன் இணைந்து, 28 கிகாஹேர்ட்ஸ் அலையை ஆளும் ஒளிபுகு பலகையொன்றின் பரிசோதனையை அறிவித்தது. சாளரக் கண்ணாடியும் தொடர்புக் கருவியாகலாம் என்பது இதன் உட்பொருள்.

3. சக்திக் கணக்கு

இனி, சக்தி பற்றிய வினாவை நோக்குவாம். கையடக்கத் தொலைபேசி வலையமைப்பு செலவிடும் மின்சாரத்தின் பெரும்பகுதி தளநிலையங்களிலேயே செலவாகின்றது. அங்கே அலையை வலுப்படுத்தும் விரியலாக்கிகள் தாம் பெறும் மின்வலுவிற் கணிசமான ஒரு பகுதியை வெப்பமாக இழக்கின்றன. அவ்வெப்பத்தை அகற்ற மேலும் மின்சாரம் வேண்டும். நிழலான ஓரிடத்துக்குச் சைகையைக் கொண்டுசெல்ல இதுவரை இரு வழிகளே இருந்தன: ஒன்று, கோபுரத்தின் வலுவைக் கூட்டுதல், மற்றையது, இடையே மீளனுப்பி ஒன்றை நிறுவுதல். மீளனுப்பி அலையை வாங்கி, விரித்து, மீண்டும் செலுத்துகின்றது. அதற்கு விரியலாக்கி தேவை. சைகையோடு கலந்துள்ள இரைச்சலையும் அது சேர்த்தே பெருக்கலாம்.

மேற்பரப்பில் விரியலாக்கி இல்லை. வந்த அலையே திரும்புகின்றது. மின்சாரம் அலகுகளின் நிலையை மாற்றுவதற்கும் கட்டுப்பாட்டுச் சுற்றுக்கும் மட்டுமே வேண்டும். இவ்வேறுபாட்டின் அடிப்படையில், ஹுவாங், சப்போனே, அலெக்சாண்ட்றோபூலொஸ், டெபா, யூன் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் எடுத்தாளப்படுகின்றது. பல அன்ரெனாக்களைக் கொண்டு விரித்தனுப்பும் மீளனுப்பியுடன் ஒப்பிடுகையில், மேற்பரப்பைப் பயன்படுத்தும் அமைப்பின் சக்தி வினைத்திறன் 300 சதவீதம் வரை கூடுதலாக இருக்கலாம் என அவர்கள் கணித்தனர். சக்தி வினைத்திறன் என்பது இங்கு ஒரு விகிதமாகும். ஒரு யூல் சக்தியைக் கொண்டு எத்தனை பிற்று தகவலைக் கொண்டுசெல்லலாம் என்பதே அதன் பொருள். இவ்வரைவிலக்கணத்தை வாசகர் மனத்திருத்துதல் வேண்டும். பின்னர் இதற்கு மீள்வோம்.

'300 சதவீதம்' என்ற எண் பல இடங்களில் மேற்கோளாகும்போது அதற்கு முன்னுள்ள 'வரை' என்ற சொல் உதிர்ந்துவிடுகின்றது. அச்சொல்லின் பின்னாலுள்ள நிபந்தனைகள் மூன்றினை இங்கு எடுத்துரைக்கலாம்.

முதலாவது நிபந்தனை தூரம் பற்றியது. மேற்பரப்பின் வழியாகச் செல்லும் அலை இருமுறை தேய்கின்றது. கோபுரத்திலிருந்து பலகைக்கு ஒருமுறை. பலகையிலிருந்து வாங்கிக்கு மறுமுறை. இவ்விரு தேய்வுகளும் கூட்டப்படுவன அல்ல, பெருக்கப்படுவன. கோபுரத்துக்கும் வாங்கிக்குமிடையே 100 மீற்றர் தூரம் எனவும், பலகை அவ்வழியின் நடுவே 50 மீற்றரில் உள்ளது எனவும் கொள்வோம். இரு தூரங்களின் பெருக்கம் 2,500. அதே பலகை வாங்கியிலிருந்து 5 மீற்றரில் இருப்பின் பெருக்கம் 475. வலு இப்பெருக்கத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாக மாறுவதால், இரண்டாவது நிலையிற் கிடைக்கும் வலு முதலாவதிலும் ஏறத்தாழ 28 மடங்காகும். ஆகவே பலகை கோபுரத்தின் அருகிலோ, பயன்படுத்துவோரின் அருகிலோ இருத்தல் வேண்டும். இடைவழியில் எங்கேனும் மாட்டிவிட்டால் பயன் அற்பமே.

இரண்டாவது நிபந்தனை பருமன் பற்றியது. சுவீடன் நாட்டு லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன்சன், ஒஸ்டோகான், லார்சன் ஆகியோர் 2020இல், சைகையை வாங்கிப் பொருளறிந்து மீண்டும் அனுப்பும் மீளனுப்பியுடன் மேற்பரப்பை ஒப்பிட்டனர். மிக உயர்ந்த தரவு வேகம் வேண்டப்படும்போது, அல்லது பலகை மிகப் பெரிதாக இருக்கும்போதுதான் மேற்பரப்பு மீளனுப்பியை வெல்லும் என்பது அவர்களின் முடிபு. கருவிகளிற் செலவாகும் சக்தியையுஞ் சேர்த்தே அவர்கள் இம்முடிபுக்கு வந்தனர். எந்த மீளனுப்பியோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தே 'சிக்கனம்' என்பதன் அளவும் மாறுகின்றது என்பதை இது உணர்த்துகின்றது.

மூன்றாவது நிபந்தனை கட்டுப்பாட்டின் செலவு பற்றியது. 3 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 10 சென்ரிமீற்றர். அரை அலைநீள இடைவெளியில் ஒரு சதுர மீற்றரில் 400 அலகுகள் அமையும். 30 கிகாஹேர்ட்ஸ் அலைக்கோ நீளம் 1 சென்ரிமீற்றர். அதே பரப்பில் 40,000 அலகுகள் அமையும். ஓர் அலகுக்கு 1 மில்லிவாற்று மட்டுமே செலவாகின்றது என வைத்துக்கொண்டாலும், மொத்தம் 40 வாற்று ஆகின்றது. 10 மில்லிவாற்றாயின் அது 400 வாற்று. தனித்தனியே புறக்கணிக்கத்தக்கவை, தொகையாகும்போது புறக்கணிக்கத்தக்கன அல்ல. அளவு மாற்றம் பண்பு மாற்றமாக உருப்பெறுவதற்கு இதுவும் ஓர் உதாரணமே. செயலற்ற பலகை எனப்படுவது, ஒரு கட்டத்துக்குப் பின்னர் சிறிய தளநிலையமொன்றின் செலவை எட்டிவிடக் கூடும். கொள்ளளவு மாறும் இருவாயிகள், திரவப் பளிங்குகள் முதலிய, ஒரு நிலையில் நிற்பதற்கு மிகக் குறைந்த வலுவே வேண்டும் உறுப்புகளை ஆய்வாளர் நாடுவதற்குக் காரணமும் இதுவே.

4. 'நுண்ணறிவு' யாருடையது?

இவ்விடத்தில் பெயரிலுள்ள சொல்லொன்றை நாம் நின்று நோக்குதல் வேண்டும். பலகைக்கு அறிவு இல்லை. வந்த அலை எங்கிருந்து வந்தது, செல்ல வேண்டிய இடம் எது என்பவற்றை அதனால் அறிய முடியாது. விரியலாக்கியும் வாங்கியும் அற்றமையே அதன் சிக்கனத்துக்குக் காரணம். அதுவே அதன் அறியாமைக்குங் காரணம். இதுவே இத்தொழில்நுட்பத்தின் உள்ளார்ந்த முரண்பாடு எனலாம். அறியுமாறு செய்தால் சிக்கனம் குறைகின்றது. சிக்கனமாக விட்டால் அது குருடாகின்றது.

இம்முரண்பாட்டைத் தீர்க்க மேற்கொள்ளப்படும் வழி, அறிவை வேறிடத்தில் வைப்பதாகும். தளநிலையம் சோதனைச் சைகைகளை அனுப்புகின்றது; பலகையின் நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றப்படுகின்றன; வாங்கியிற் கிடைக்கும் பயனைக் கணினி ஒப்புநோக்கி, சிறந்த நிலையைத் தெரிவு செய்கின்றது. அலகுகள் பெருகப் பெருக இச்சோதனைகளும் பெருகுகின்றன. வாங்குபவர் நடந்துகொண்டிருப்பாராயின் அவை மீண்டும் மீண்டும் நிகழவேண்டும். இச்சோதனைக்கும் கணிப்புக்கும் ஆகும் நேரமும் சக்தியும் பலகையின் கணக்கிற் காட்டப்படுவதில்லை. அவை கோபுரத்தின் கணக்கிலும், தரவு நிலையத்தின் கணக்கிலும், தொலைபேசியின் மின்கலத்திலும் சென்று மறைகின்றன.

மனிதரின் உழைப்பினால் விளைந்த ஆற்றல், பண்டத்தின் இயல்பான குணம் போலத் தோற்றமளிப்பதை மார்க்ஸ் பண்டவழிபாடு என்ற கருத்தாக்கத்தால் விளக்கினார். சுவருக்கு 'நுண்ணறிவு' கற்பிக்கப்படும்போது நிகழ்வதும் இதனை ஒத்ததே. 1888இல் நாகத் தகட்டைச் சுவரிற் பொருத்தியவரிலிருந்து, இருவாயிகளைப் பலகையில் ஒட்டும் தொழிற்சாலைத் தொழிலாளி வரை, பலருடைய அறிவும் உழைப்பும் அப்பலகையில் உறைந்துள்ளன. சொல்லோ அதனைப் பலகைக்கே உரித்தாக்கிவிடுகின்றது. உருவகம் இலக்கியத்துக்கு அணி. பொருளியற் கணக்கில் அது செலவை மறைக்கும் திரையாகவும் அமையலாம். ஆய்வாளரிற் சிலர் 'நுண்ணறிவு' என்பதை விடுத்து 'தெறிப்புப் பரப்பு', 'மீப்பரப்பு' என்ற பெயர்களை விரும்புவதும் கவனிக்கத்தக்கது.

5. வினைத்திறனும் சேமிப்பும்

சக்தி வினைத்திறன் ஒரு விகிதம் என்று முன்னர் கூறினோம். விகிதம் உயர்வதால் மொத்தச் செலவு குறையும் என்ற நியதி இல்லை. இதனை முதலில் விரிவாக எடுத்துரைத்தவர் ஸ்ரான்லி ஜெவொன்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொருளியலாளர். 1865இல் வெளியிட்ட நிலக்கரி பற்றிய நூலில், ஜேம்ஸ் வாற்றின் நீராவிப் பொறி பழைய பொறிகளிலும் குறைந்த கரியில் அதே வேலையைச் செய்தமை கரியின் நுகர்வைக் குறைக்கவில்லை, பெருக்கவே செய்தது என அவர் காட்டினார். வேலை மலிவடைந்ததால் பொறி புகாத துறைகளிலெல்லாம் அது புகுந்தது. ஜெவொன்ஸ் மார்க்சியர் அல்லர். விளிம்புப் பயன்பாட்டுக் கொள்கையின் மூலவர்களுள் ஒருவர். எனினும் இவ்விடத்தில் அவர் கண்ட உண்மை முதலாளித்துவ உற்பத்தியின் இயல்பைத் தெளிவாகவே வெளிப்படுத்துகின்றது.

கையடக்கத் தொலைபேசியின் தலைமுறைகளிலும் இதனைக் காணலாம். ஒரு பிற்று தகவலைக் கொண்டுசெல்வதற்கு வேண்டிய சக்தி தலைமுறைக்குத் தலைமுறை குறைந்து வந்துள்ளது. ஆயினும் தரவின் அளவு அதனை விஞ்சிப் பெருகிற்று. 5ஜி தளநிலையமொன்று தனக்கு முந்திய 4ஜி தளநிலையத்திலும் கூடிய மின்வலுவை இழுப்பதாயிற்று. 2020இல் சீனாவின் லுவோயாங் நகரில், சைனா யூனிகொம் நிறுவனம் 5ஜி கருவிகள் சிலவற்றை இரவு வேளைகளில் உறக்க நிலைக்குச் செல்ல விடும் ஒழுங்கை மேற்கொண்டது. மின்கட்டணச் சுமையே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. வினைத்திறன் மிக்க கருவியை அணைத்து வைப்பதன் மூலம் சிக்கனம் காண நேர்ந்த இச்செய்தி சிந்தனைக்குரியது.

ஆகவே நாம் இரண்டினை வேறுபடுத்திக் காணுதல் வேண்டும். வினைத்திறன் உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சிக்குரியது. சேமிப்போ, அச்சக்திகள் எவ்வுறவுகளினுள் இயங்குகின்றன என்பதனைப் பொறுத்தது. மேற்பரப்பினால் மிச்சமாகும் மின்சாரம் மிச்சமாகவே விடப்படுமா, அன்றி மேலும் விளம்பரத்தையும் மேலும் காணொளியையும் செலுத்துவதற்கு முதலீடாகுமா என்பதைப் பலகையின் பௌதிகம் தீர்மானிப்பதில்லை.

சுவரின் உடைமை பற்றிய வினாவும் இதனோடு இணைந்ததே. கோபுரத்துக்கு ஓர் உரிமையாளர் உண்டு. அலைக்கற்றையை அரசு உரிமமாக வழங்குகின்றது. ஆனால் வீட்டுச் சுவர், பாடசாலைக் கூரை, மருத்துவமனை நடைவழி, நிலைய மண்டபம் ஆகியன தொடர்பு நிறுவனத்தின் உடைமை அல்ல. அவை வலையமைப்பின் உறுப்பாகும்போது அதனை ஆளும் உரிமை யாருக்கு? அலையை ஓரிடத்தில் குவிக்கவல்ல பலகை, வேண்டின் ஓரிடத்தில் அதனை இல்லாமலுஞ் செய்யும். தெறிப்பின் மாற்றங்களை அளந்து, அறையில் ஆள் இருப்பதையும் அசைவதையும் அறியும் ஆய்வுகளும் இதே துறையில் நடைபெறுகின்றன. கட்டுப்பாடு என்ற சொல்லின் இரு பொருள்களும் இங்கு ஒருங்கே தொழிற்படுகின்றன.

நியமங்கள் எவ்வாறு வகுக்கப்படுகின்றன என்பதும் நோக்கற்பாலது. ஐரோப்பியத் தொலைத்தொடர்பு நியம நிறுவனம் 2021இல் இம்மேற்பரப்புகளுக்கெனத் தனிக்குழுவொன்றை அமைத்தது. எனினும், கையடக்கத் தொலைபேசி நியமங்களை வகுக்கும் சர்வதேசக் கூட்டமைப்பான 3ஜிபிபி, 2024இல் நிறைவு செய்த தனது 18ஆம் வெளியீட்டில் வலையமைப்பாற் கட்டுப்படுத்தப்படும் மீளனுப்பிகளையே சேர்த்துக்கொண்டது. அவை விரியலாக்கியுள்ள கருவிகள். ஆய்வேடுகளிற் பெரிதாகப் பேசப்பட்ட ஒன்று நடைமுறையில் உடனடியாக ஏற்கப்படுவதில்லை. நிறுவனங்கள் தமக்குப் பழகிய, உடனே விற்கத்தக்க கருவியையே முதலிற் கொள்கின்றன.

6. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து இத்தொழில்நுட்பத்தை நாம் நிராகரிக்கின்றோம் என எவரும் கருதலாகாது. இயற்கையின் தடையை அறிந்து அதனைத் துணையாக மாற்றுவது மனித உழைப்பின் பெருமைக்குரிய பேறாகும். குறைந்த மின்வலுவில், மலிவான உறுப்புகளால், நிழலிடங்களுக்குத் தொடர்பைக் கொண்டுசெல்லலாம் என்பது ஏழை நாடுகளுக்குப் பெறுமதி வாய்ந்த செய்தி. எமது எதிர்ப்பு கருவிக்கு அன்று. கருவியைக் கொண்டு சமூக வினாவை மூடிவிடும் சிந்தனைக்கே.

எமது நாட்டிலேயே இவ்வினா எழுந்த ஒரு சந்தர்ப்பத்தை நினைவுகூரலாம். 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பெருந்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் இணையத்தின் வழி நடந்தபோது, மலைப்பாங்கான கிராமங்களின் மாணவர் சைகை தேடிக் குன்றுகளிலும் பாறைகளிலும் ஏறியமை செய்திகளாக வெளிவந்தது. மலை அலையை மறைத்தது உண்மை, அது பௌதிகம். ஆனால் மலைக்கு இப்பாலும் மக்கள் வாழ்கின்றனர் என்பது கோபுரம் நிறுவுவோர் அறியாததன்று. வருமானம் குறைந்த பள்ளத்தாக்கில் கோபுரம் அமைவது இலாபமற்றது என்ற கணக்கே அந்நிழலை நிலைக்கச் செய்தது.

இங்கே நாம் விளக்கிய பௌதிகமே எமக்கு ஒரு பாடத்தைத் தருகின்றது. மேற்பரப்பு சக்தியை ஆக்குவதில்லை, வந்ததைத் திருப்புகின்றது. அருகில் இருந்தாலன்றி அதனாற் பயன் இல்லை. அலை வந்து சேராத இடத்தில் எத்துணை வினைத்திறன் மிக்க பலகையை மாட்டினாலும் அது வெறும் பலகையே. ஆகவே, தொடர்பைப் பொதுத்தேவையாகக் கொண்டு, எந்தச் சுவருக்கு எந்த அலை சென்று சேரவேண்டும் என்பதை மக்களின் தேவையிலிருந்து வகுக்கும் திட்டமே முதன்மையானது. சக்தி வினைத்திறன் மிக்க மேற்பரப்பு அத்திட்டத்தின் சிறந்த கருவிகளுள் ஒன்றாக விளங்க முடியும். அத்தகைய திட்டத்தின் இடத்தை அது நிரப்பிவிட முடியாது என்பதே எமது முடிபாகும்.